அளந்தவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர்

கதிர்ச்சிகிச்சையின் பாதுகாப்புப் பற்றிக் குடும்பமாக வாசித்துக் கலந்துரையாட ஒரு பாடம்



புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னதும் ஒரு வீட்டில் முதலில் நுழைவது பயம். "கரண்ட் பிடிக்க வேண்டும்" என்று சொன்னதும் அந்தப் பயம் இரட்டிப்பாகிறது. உடம்பு எரிந்துபோகுமா, பிள்ளைகள் பக்கத்தில் போகலாமா, செலவுக்கும் போக்குவரத்துக்கும் என்ன வழி என்று எத்தனையோ கேள்விகளைக் குடும்பங்கள் எம்மிடம் கேட்கின்றன. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அநேகர் கேட்பதில்லை: "அந்த இயந்திரம் சரியான அளவுதான் கொடுக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?"

வைத்தியசாலையில் போய் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நெல் விற்கும்போது நாம் அப்படி நினைப்பதில்லை. தராசில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். சந்தேகம் வந்தால் அதே மூட்டையை வேறொரு தராசில் போட்டுப் பார்க்கிறோம். வியாபாரி நல்லவராக இருந்தாலும் தராசு பிழைக்கலாம் என்பது எமக்குத் தெரியும். அந்த விவசாய அறிவை வைத்தே கதிர்ச்சிகிச்சையின் பாதுகாப்பையும் விளங்கிக்கொள்ள முடியும் என்பதைக் காட்டவே இந்தப் பாடம்.

கதிர்ச்சிகிச்சை என்றால் என்ன?

ஊரில் "கரண்ட்" என்று சொன்னாலும் நோயாளியின் உடம்பில் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை. எக்ஸ்-கதிர் படம் எடுக்கும் கதிரைப் போன்ற, ஆனால் அதைவிட மிக வலிமையான கதிர், நோய் உள்ள இடத்தை நோக்கிச் செலுத்தப்படுகிறது. இதற்கு இரண்டு வகை இயந்திரங்கள் உண்டு. ஒன்றில் கோபால்ட்-60 என்னும் கதிர்வீசும் உலோகம் தடித்த கவசத்துக்குள் இருக்கும். மற்றையது நேர்கோட்டு முடுக்கி. இது மின்சாரத்தைக் கொண்டு கதிரை உண்டாக்கும். நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும்.

வெளியிலிருந்து கதிர் பெற்ற ஒருவரின் உடம்பில் கதிர் தங்கி நிற்பதில்லை. ஆகவே அவர் வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கலாம், ஒரே கோப்பையில் சாப்பிடலாம். அவரை ஒதுக்கி வைக்கவேண்டிய தேவை எதுவும் இல்லை.

கதிர் புற்றுநோய்க் கலங்களைத் தாக்குகிறது. பக்கத்திலுள்ள நல்ல கலங்களுக்கும் ஓரளவு அடி விழுகிறது. ஆனால் நல்ல கலங்களுக்குத் தம்மைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் கூட. அதனால்தான் முழு அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல், வாரத்துக்கு ஐந்து நாளாகப் பல வாரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கதிரின் அளவைக் 'கிரே' என்ற அலகால் குறிப்பார்கள். வழக்கமாக ஒரு நாளுக்கு 2 கிரே அளவு. நோயைப் பொறுத்து 25 முதல் 35 நாள் வரை இது தொடரலாம்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்?

வயலுக்குக் களைநாசினி அடிப்பதை நினைத்துப் பாருங்கள். தாங்கியில் மருந்து குறைந்தால் களை வாடுவது போல் வாடி மறுபடியும் தளிர்க்கும். கூடினால் வேளாண்மையே கருகும். காற்றுப் பார்க்காமல் அடித்தால் பக்கத்து வயலில் விழும். ஆகவே சரியான அளவு, சரியான இடம், சரியான நாள் என்று மூன்றும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்.

கதிர்ச்சிகிச்சையும் அப்படியே. ஆனால் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மருந்தின் மணம் மூக்குக்குத் தெரியும். கதிரைக் கண்ணால் பார்க்கவோ, மணக்கவோ, உடம்பால் உணரவோ முடியாது. கூடினாலும் குறைந்தாலும் கதிர் விழும் அந்த நேரத்தில் நோயாளிக்கு எதுவும் தெரியாது. பல நாள் கழித்தே உடம்பு சொல்லும். குறைந்துபோனால் சில வருடம் கழித்து நோய் திரும்பி வரும்போதுதான் தெரியவரும். ஆகவே கதிரைப் பொறுத்தவரை அளவீடுதான் எமக்குக் கண். கொடுக்கப்படும் அளவு, வைத்தியர் எழுதிய அளவிலிருந்து நூற்றுக்கு 5 க்கு மேல் விலகக் கூடாது என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட பொதுவான எல்லை.

அளவு பிழைத்த மூன்று இடங்கள்

கதிர்ச்சிகிச்சை உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோருக்குப் பயன்பட்ட நல்ல சிகிச்சை. பெரிய விபத்துகள் மிக அரிது. இங்கே சொல்லப்போகும் மூன்று நிகழ்வுகளும் உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. பிழை எந்த வாசலால் உள்ளே வருகிறது என்று காட்டுவதற்காகவே.

முதலாவது, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரில் 1974 முதல் 1976 வரை நடந்தது. கோபால்ட்-60 உலோகத்தின் வலிமை நாளாக நாளாகக் குறையும். மாதத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 1 என்ற கணக்கில் குறைந்து, ஐந்து வருடமும் மூன்று மாதமும் அளவில் பாதியாகிவிடும். எனவே நாள் செல்லச் செல்ல அதே அளவு கதிரைக் கொடுக்கக் கூடிய நேரம் தேவை. எவ்வளவு கூடிய நேரம் என்பதை ஒரு வரைபடத்தைப் பார்த்துக் கணக்கிட்டார்கள். அந்த வரைபடம் பிழையானது. உலோகத்தின் வலிமை உண்மையில் குறைவதை விட வேகமாகக் குறைவதாக அது காட்டியது. ஆகவே நோயாளர் தேவைக்கு மேல் கதிர் பெற்றனர். 22 மாதங்களாக இயந்திரத்தின் அளவை யாரும் நேரில் அளந்து பார்க்கவில்லை. 426 நோயாளர் பாதிக்கப்பட்டனர். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளவுகோலைப் பார்க்காமல், கடதாசிக் கணக்கை மட்டும் நம்பி வாய்க்கால் திறந்ததைப் போன்ற கதை இது.

இரண்டாவது, இங்கிலாந்தின் ஸ்டோக்-ஒன்-ட்ரென்ட் நகரில் நடந்தது. 1982 ஆம் ஆண்டில் அங்கே கணக்குப் போடுவதற்குக் கணினி வந்தது. அதற்கு முன் இயந்திரத்துக்கும் நோயாளிக்கும் இடையிலான தூரத்துக்காக ஊழியர்கள் கையால் ஒரு திருத்தம் செய்துவந்தார்கள். கணினி அந்தத் திருத்தத்தைத் தானே செய்துவிடும் என்பதை யாரும் அறியவில்லை. ஊழியர்கள் பழைய வழக்கப்படி மறுபடியும் திருத்தினார்கள். வட்டவிதானை வாய்க்காலை ஒரு சாண் அடைத்துவிட்டுப் போக, அது தெரியாமல் இன்னொருவர் வந்து மேலும் ஒரு சாண் அடைத்ததைப் போலாயிற்று. கடைவயலுக்குத் தண்ணீர் போகவில்லை. 1991 இல் புதிய கணினி முறை வந்தபோதுதான் இந்தப் பிழை வெளிப்பட்டது. அதற்குள் 1,045 நோயாளர் எழுதப்பட்ட அளவிலும் குறைவாகவே சிகிச்சை பெற்றிருந்தனர். யாருக்கும் தோல் கருகவில்லை, யாரும் முறையிடவில்லை. அதனால்தான் ஒன்பது வருடம் அது மறைந்து கிடந்தது. குறைவும் ஒரு விபத்தே என்பதை இதிலிருந்து நாம் அறிய வேண்டும்.

மூன்றாவது, மத்திய அமெரிக்காவின் கொஸ்தாரிக்கா நாட்டுத் தலைநகரான சான் ஹோசேயில் 1996 இல் நடந்தது. அந்த வருடம் ஓகஸ்ட் 22 ஆம் திகதி ஒரு கோபால்ட் இயந்திரத்தில் பழைய உலோகத்தை எடுத்துப் புதியதை வைத்தார்கள். அதன் வலிமையை அளக்கும்போது நேரக் கணிப்பில் பிழை நேர்ந்தது. 0.3 நிமிடம் என்பது 18 செக்கன். அதை 30 செக்கன் என்று எடுத்துவிட்டார்கள். 18 செக்கனில் வந்த கதிரை 30 செக்கனில் வந்ததாக நினைத்தபடியால், புதிய உலோகம் உண்மையைவிட வலிமை குறைந்ததாகத் தோன்றியது. அதை ஈடுசெய்ய நேரத்தைக் கூட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் தேவையான அளவின் ஒன்றரை மடங்குக்கும் மேலாகக் கதிர் விழுந்தது. செப்ரெம்பர் 27 வரை 115 நோயாளர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் சிலரது மரணத்துக்கு அந்த மிகைக் கதிரே காரணம் என்று பின்னர் நடந்த ஆய்வு உறுதிசெய்தது.

மூன்று நாடுகள், மூன்று விதமான பிழைகள். ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எங்கும் இயந்திரம் பழுதாகவில்லை. ஊழியர் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவுமில்லை. ஒரு தடவை போட்ட கணக்கை வேறொருவர், வேறொரு வழியால், மறுபடி அளந்து பார்க்கவில்லை. அவ்வளவுதான். பிழை விடாத மனிதர் இல்லை. பிழை நோயாளியின் உடம்பை எட்டுமுன் அதைப் பிடிக்கும் ஒழுங்கு இல்லாதபோதே பிழை விபத்தாக மாறுகிறது.

அந்த ஒழுங்கு எப்படி இருக்கும்?

நல்ல கதிர்ச்சிகிச்சைப் பிரிவு ஒன்றில் ஒரு நோயாளிக்காகக் குறைந்தது மூன்று தொழில்களைச் சேர்ந்தவர்கள் வேலைசெய்கிறார்கள். புற்றுநோய் வைத்திய நிபுணர் எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் என்று எழுதுகிறார். மருத்துவப் பௌதிகவியலாளர் இயந்திரத்தை அளந்து கணக்கைப் போடுகிறார். சிகிச்சை கொடுக்கும் கதிரியல் உத்தியோகத்தர் நோயாளியைக் கிடத்தி, குறிகளைப் பொருத்தி, கதிரைச் செலுத்துகிறார். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்த்துக் கையொப்பம் இட வேண்டும்.

காலையில் முதல் நோயாளியை உள்ளே எடுக்கும் முன் இயந்திரத்தின் அளவைச் சோதிக்கிறார்கள். குறிகளைக் காட்டும் ஒளிக்கோடுகள் நேராக விழுகின்றனவா, கதவு திறந்தால் கதிர் தானாக நிற்கிறதா, உள்ளே இருப்பவரைக் காட்டும் கமராவும் பேசும் கருவியும் வேலைசெய்கின்றனவா என்றெல்லாம் பார்க்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறையும் வருடத்துக்கு ஒருமுறையும் இன்னும் நுணுக்கமான சோதனைகள் உண்டு. ஆகவே "மெசின் செக் பண்ணுகிறார்கள், கொஞ்சம் இருங்கள்" என்று சொன்னால் சினம் கொள்ளாதீர்கள். அந்தக் காத்திருப்பு உங்கள் பாதுகாப்புக்காகவே.

வைத்தியசாலைக்கு வெளியே இருந்தும் சரிபார்ப்பு உண்டு. சர்வதேச அணுசக்தி முகவர் நிலையமும் உலக சுகாதார நிறுவனமும் 1969 ஆம் ஆண்டிலிருந்து தபால் மூலம் ஒரு சேவையை நடத்திவருகின்றன. கதிரின் அளவைத் தன்னுள் பதித்துக்கொள்ளும் சிறிய குளிசை போன்ற ஒன்றைத் தபாலில் அனுப்புவார்கள். வைத்தியசாலை ஒரு நோயாளிக்குக் கொடுப்பதைப் போலவே அதற்கு 2 கிரே கதிர் கொடுத்துத் திருப்பி அனுப்பும். ஒஸ்ரியா நாட்டில் வியன்னா நகருக்கு அண்மையிலுள்ள சைபர்ஸ்டோர்ப் ஆய்வுகூடத்தில் அதை வாசித்து, உண்மையில் எவ்வளவு விழுந்தது என்று கூறுவார்கள். வித்தியாசம் நூற்றுக்கு 5 ஐத் தாண்டினால் காரணத்தைத் தேடுவார்கள். எமது மூட்டையை வேறு தராசில் போட்டுப் பார்ப்பது என்பது இதுதான்.

எமது நாட்டில் இதற்குச் சட்டமும் உண்டு. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி, கதிர் இயந்திரங்களுக்கும் கதிர்வீசும் பொருட்களுக்கும் அனுமதி வழங்கிக் கண்காணிப்பதற்கு அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை அமைக்கப்பட்டது. முன்பு 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரே அதிகார சபை, கதிர்ப் பாவனையை வளர்க்கும் வேலையையும் அதைக் கண்காணிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்தது. புதிய சட்டம் இரண்டையும் பிரித்தது. அளப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்ற அதே நீதி இங்கும் வந்துவிட்டது.

எமது பங்கு என்ன?

இவ்வளவு பேர் பார்க்கிறார்களே, படிப்பறிவு குறைந்த நாம் என்ன செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சங்கிலியில் கடைசி வளையம் நோயாளியும் குடும்பமும்தான். பின்வருபவற்றை வீட்டில் எல்லோரும் அறிந்து வையுங்கள்.

1. ஒவ்வொரு நாளும் உங்கள் முழுப் பெயரையும், எந்த இடத்துக்குச் சிகிச்சை என்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள். பெயர் கூப்பிட்டதும் தலையாட்டிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். ஒரே பெயரில் இருவர் இருக்கலாம்.

2. தோலில் இட்ட குறிகளைத் தேய்த்துக் கழுவாதீர்கள். அழிந்துபோனால் நீங்களே கீறாமல், போய்ச் சொல்லுங்கள். வயலுக்கு எல்லைக்கல் எப்படியோ, சிகிச்சைக்கு அந்தக் குறி அப்படி.

3. முகத்துக்கோ கழுத்துக்கோ சிகிச்சை பெறுபவருக்கு அசையாமல் இருக்க ஒரு முகமூடி செய்வார்கள். உடம்பு மெலிந்து அது தளர்ந்தால் உடனே சொல்லுங்கள். தளர்ந்தால் தலை அசையும், தலை அசைந்தால் கதிர் இடம் மாறும்.

4. எதிர்பார்த்ததை விடத் தோல் கடுமையாகச் சிவந்தாலோ, வயிற்றோட்டம் கட்டுக்கு மீறினாலோ அடுத்த கிளினிக் வரை பொறுத்திருக்காதீர்கள். சாதாரணமான பக்கவிளைவாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். கேட்காமல் எண்ணெயோ பத்தோ பூசவும் வேண்டாம்.

5. நாள் தவறவிடாதீர்கள். சிகிச்சை இடையில் நின்றால் புற்றுநோய்க் கலங்கள் மறுபடி பெருகும். எமது பகுதியில் அதிகம் காணும் வாய்ப் புற்றுநோய்க்கும், பெண்களின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் இது முக்கியம். மாரியில் பாதை மூடி, தோணியும் போகமுடியாத நாள் வரும். அப்போது வீட்டில் இருந்துவிடாமல் தொலைபேசியில் அறிவியுங்கள். தவறிய நாளை ஈடுசெய்ய அவர்களுக்கு வழிகள் உண்டு. தெரியாவிட்டால் அவர்களால் ஈடுசெய்ய முடியாது.

6. சிகிச்சை முடிந்ததும் அதன் சுருக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த வைத்தியசாலை, உடம்பில் எந்த இடம், எந்தத் திகதி தொடக்கம் எந்தத் திகதி வரை, எத்தனை நாள், மொத்தம் எத்தனை கிரே என்பவை அதில் இருக்க வேண்டும்.

இந்த ஆறாவதை மற்ற எவரையும் விட எமது மக்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முள்ளந்தண்டு போன்ற உறுப்புகள் ஆயுள் முழுவதிலும் தாங்கக்கூடிய கதிருக்கு ஓர் எல்லை உண்டு. நோய் திரும்பி வந்தால், முன்பு எவ்வளவு விழுந்தது என்று தெரியாமல் வைத்தியரால் மறுபடி கதிர் கொடுக்க முடியாது. 1990 இலும், 2004 கடல்கோளிலும், 2006 – 2007 இல் வாகரையையும் படுவான்கரையையும் விட்டு வெளியேறியபோதும் எமது குடும்பங்கள் காணி உறுதியைக் கூட எடுக்காமல் ஓடின. கிளினிக் கொப்பியை யார் நினைத்தார்? ஆகவே அந்தத் தாளை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று அடையாள அட்டையோடு பொலித்தீன் பையில் இருக்கட்டும். ஒன்று வேறூரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். ஒன்றைப் பிள்ளையின் கைத்தொலைபேசியில் படமாக எடுத்து வையுங்கள். எங்கே விசாரிப்பது என்று தெரியாதவர்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் கேளுங்கள்.

இயந்திரம் ஓய்ந்த பின்

கதிர்ச்சிகிச்சைப் பாதுகாப்பு வைத்தியசாலையின் மதிலோடு முடிவதில்லை. பாவனை முடிந்த பழைய இயந்திரத்துக்குள் இருக்கும் உலோகம் பல வருடம் கதிர் வீசிக்கொண்டே இருக்கும். பழைய இரும்பு பொறுக்கி விற்றுச் சீவிக்கும் குடும்பங்கள் எம்மிடையே இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும்.

பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் கதிர்ச்சிகிச்சை நிலையம் ஒன்று வேறிடம் மாறியபோது, சீசியம்-137 கொண்ட இயந்திரத்தைப் பழைய கட்டடத்திலேயே விட்டுச் சென்றது.  1987 செப்ரெம்பரில் இருவர் அதைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே இருந்த தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று உறவினருக்குப் பகிர்ந்தார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட நால்வர் இறந்தனர். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோதிக்க வேண்டியதாயிற்று. எமக்கு அண்மையில், இந்தியாவின் டெல்லி நகரில் மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு 2010 இல் பல்கலைக்கழகம் ஒன்றின் பழைய ஆய்வுக் கருவி ஏலத்தில் வந்துசேர்ந்தது. அதற்குள் கோபால்ட்-60 இருந்தது. ஒருவர் இறந்தார்.

ஆகவே மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் விசிறி போன்ற அடையாளத்தைக் கண்டாலோ, அளவுக்கு மிஞ்சிய பாரமான ஈயப் பெட்டியைக் கண்டாலோ தொடவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். பிள்ளைகளை விலக்கிக்கொண்டு தூரப் போய், கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். கண்ணிவெடிக்கு நாம் கற்றுக்கொண்ட அதே பழக்கம் இதற்கும் போதும்.

முடிவாக

கேள்வி கேட்கும் நோயாளியை நல்ல வைத்தியர் வெறுப்பதில்லை. "ஐயா, இன்று எத்தனையாவது நாள்? இன்னும் எத்தனை நாள்?" என்று பணிவாகக் கேட்கும் ஒரு கிழவியும் சரிபார்ப்பவர்தான். அவள் எண்ணி வைத்த கணக்கும் கொப்பியில் உள்ள கணக்கும் ஒத்துப்போனால் இருவருக்கும் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் அன்றே தெரியவரும். ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் நெல், பசளை, பால் ஆகியவற்றின் அளவை யார் சரிபார்க்கிறார்கள்? அளப்பவரும் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கும் இடங்கள் எவை?

2. கொஸ்தாரிக்காவில் நேர்ந்த பிழையை முதல் நாளிலேயே கண்டுபிடிக்க யார், என்ன செய்திருக்கலாம்?

3. எமது குடும்பங்களில் நோயாளரின் வைத்தியப் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன? இன்றிரவு வெளியேற நேர்ந்தால் அவற்றை எடுப்பது யார்?

4. தினமும் சிகிச்சைக்குப் போகவேண்டிய ஒருவருக்கு, மாரிக் காலத்தில் எமது சங்கம் எப்படி உதவலாம்? துணைக்குப் போவது யார், போக்குவரத்துக்கு வழி என்ன, அவருடைய வயல் வேலையைப் பார்ப்பது யார் என்று பெயர் குறித்துத் தீர்மானியுங்கள்.